'தெரியாது' என்று சொல்ல யாருக்கு உரிமை?

இளம்பிள்ளையைச் சுற்றியுள்ள சேரிகளிலிருந்தும் காலனிகளிலிருந்தும் கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்குப் போன பிள்ளைகள் இன்றைக்கு ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. அப்பன் கூலிக்குத் தறி ஓட்டுவான், இல்லாவிட்டால் கட்டட வேலை. அம்மா தார் சுத்துவாள், இல்லை நூறு நாள் வேலைக்குப் போவாள். மகன் பெங்களூரில், மகள் சோழிங்கநல்லூரில். ஆதிதிராவிடர் விடுதி, உதவித்தொகை, 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை, வங்கிக் கல்விக்கடன் என்று ஒவ்வொரு படியாய்ப் பிடித்து ஏறிப் போனவர்கள். ஊர் என்ன நினைக்கிறது? இதுங்க பொழைச்சிக்கிச்சு என்று. இயக்கத்தில் இருக்கிற தோழர்கள் சிலரும் அதையேதான் கொஞ்சம் கசப்போடு சொல்கிறார்கள்: ஐ.டி.க்குப் போனவன் கூட்டத்துக்கு வரமாட்டான், சந்தா மட்டும் அனுப்புவான் என்று.

எனக்கு ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வருகிற போன்கள் வேறு கதை சொல்கின்றன. கல்விக்கடன் பாரம் நிரப்பிக் கொடுத்த அண்ணன் என்ற உறவு எனக்கு இவர்களோடு. கவிதை எழுதுகிறவன், அதனால் மனசு விட்டுப் பேசலாம் என்று வேறு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். "அண்ணா, எனக்கு ஒண்ணுமே தெரியலைங்கண்ணா. கூட இருக்கறவங்களுக்கு எல்லாம் தெரியுதுங்க. நான் எப்படியோ உள்ள வந்துட்டேன், ஒரு நாளைக்குக் கண்டுபுடிச்சிருவாங்க." இதைச் சொல்கிறவன் நாலு வருசம் வேலை பார்த்தவன். அவன் எழுதிய நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் அவன் மேல் குறை சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறான். இன்னொரு பிள்ளை, கூட்டத்தில் ஒரு சொல் புரியாவிட்டால் அதைக் கையில் எழுதிக்கொண்டு கக்கூஸுக்குப் போய்ப் போனில் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்காருகிறாள். மூணு வருசமாய் இப்படி. கேட்டால் என்ன? "கேட்டா தெரிஞ்சு போயிருங்ண்ணா." என்ன தெரிஞ்சு போயிரும்? அதற்கு அந்தப் பக்கம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த மௌனத்தைப் பற்றியது.

முதலில் சரக்கைப் பார்த்துவிடுவோம். இந்தத் தொழிலில் படிக்க வேண்டியது உண்மையிலேயே அளவில்லாமல் குவிந்து கிடக்கிறது. பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. நாலு வருசம் பொறியியல் கல்லூரியில் ஜாவாவும் சியும் மனப்பாடம் பண்ணிவிட்டுப் போகிறார்கள். போன இடத்தில் அது வாசற்படி கூட இல்லை. 2013இல் ரியாக்ட் வெளிவந்தது, அதே வருசம் டாக்கர், அடுத்த வருசம் குபர்நெட்டிஸ், வியூ. 2016இல் ஆங்குலர் தன் பழைய உருவத்தையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாய் வந்து நின்றது. பழசைக் கஷ்டப்பட்டுக் கற்றவன் கதி அதோகதி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபின் நிரலை எந்திரமே எழுதுகிறது, அதைச் சரிபார்க்கத் தெரிந்தவன்தான் வேண்டும் என்கிறார்கள். ஒன்றைக் கற்பதற்குள் அது கிழவாடிப் போகிறது. அத்தனையும் இங்கிலீஷில். பத்தாவது வரை தமிழ்வழியில் அரசுப் பள்ளியில் படித்தவனுக்கு ஒரு பக்கம் வாசிக்க மற்றவனைவிட ரெண்டு மடங்கு நேரம். இது போதாதென்று 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஆட்களில் 2 விழுக்காடு, சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அந்த வாரம் எனக்குத் தூக்கமே இல்லை, அத்தனை போன்.

தகவல் பெருகினால் மனிதன் திணறுவான் என்பது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஆல்வின் டாஃப்ளர் 1970இல் 'ஃபியூச்சர் ஷாக்' புத்தகத்தில் இதைப் பரப்பினார். அடுத்த வருசமே ஹெர்பர்ட் சைமன், தகவல் கொழுக்கக் கொழுக்க மனிதனின் கவனம் ஏழையாகிப் போகும் என்ற பொருளில் பேசினார். சரிதான். ஆனால் இந்த அறிஞர்கள் எல்லாரும் 'மனிதன்' என்று பொதுவாய்ச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மேட்டூரைத் திறந்துவிட்டால் தண்ணி எல்லாருக்கும்தான் வருகிறது. பள்ளத்தில் இருக்கிறவன் வீடுதான் முதலில் முழுகும். மேட்டுத்தெருக்காரன் திண்ணையில் உட்கார்ந்து வெள்ளம் பார்ப்பான். ஆக வெள்ளத்தின் அளவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது மேட்டுத்தெருப் பேச்சு.

இந்தச் சந்தேக நோய்க்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற ரெண்டு உளவியலாளர்கள் 1978இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. தமிழில் சொன்னால் 'வேடதாரி உணர்வு'. நன்றாகப் படித்து நல்ல வேலையில் இருக்கிற பெண்கள் நூற்றைம்பது பேருக்கு மேல் பார்த்தார்கள். இத்தனை இருந்தும் இவர்கள் தங்களை ஏமாற்றுக்காரர்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள், எப்போது குட்டு வெளிப்படுமோ என்று பயப்படுகிறார்கள் என்று எழுதினார்கள். இப்போது கம்பெனிகளே இதற்கு வகுப்பு எடுக்கின்றன. கண்ணாடி முன் நின்று 'என்னால் முடியும்' என்று சொல்லிக்கொள், மூச்சை இழுத்து விடு, தினம் மூணு நல்ல விசயம் எழுது. நம் பிள்ளைகளும் அதில் போய் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டு வருகிறார்கள்.

2021இல் ருச்சிகா துல்ஷியான், ஜோடி ஆன் புரே என்ற ரெண்டு பெண்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். பெண்களுக்கும் கறுப்பர்களுக்கும் இந்த 'நோய்' இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லாதீர்கள், அவர்களை இப்படி உணர வைக்கும் வேலையிடத்தைச் சரிசெய்யுங்கள் என்பது அவர்கள் வாதம். நமக்கு இது புதுசில்லை. ஊர்க்கிணற்றில் தண்ணி எடுக்கப் போனவளை அடித்துவிட்டு, அவளுக்குத் தண்ணியைக் கண்டால் பயம் என்று வைத்தியம் பார்த்த கதைதானே இது?

சாதி எப்படி மூளைக்குள் போய் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சோதனை உண்டு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் நடத்தி 2004இல் உலக வங்கி ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஆறாவது, ஏழாவது படிக்கும் பையன்கள், பாதிப்பேர் மேல்சாதி, பாதிப்பேர் தலித்துகள். காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர் கொடுத்தார்கள். தீர்த்த புதிருக்குக் காசு. சாதியைப் பற்றிப் பேச்சே எடுக்காதபோது ரெண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு தீர்த்தார்கள். அடுத்து, அப்பன் பேர், தாத்தன் பேர், ஊர்ப்பேரோடு சாதிப்பேரையும் சபையில் உரக்கப் படித்துவிட்டுப் புதிர் கொடுத்தார்கள். தலித் பையன்கள் தீர்த்த எண்ணிக்கை விழுந்தது. அதே மூளை, அதே பென்சில், அதே புதிர். நடுவில் வந்தது ஒரே ஒரு அறிவிப்பு.

கம்பெனியில் அப்படி யாரும் சாதியை உரக்கப் படிப்பதில்லை என்பார்கள். படிக்க வேண்டாம். 'உங்க நேட்டிவ் எது, சேலத்துல எந்த ஏரியா, அப்பா என்ன பண்றார், நீங்க வெஜ்ஜா நான்வெஜ்ஜா, கவுன்சிலிங்ல கட்ஆஃப் எவ்வளவு' என்று சாப்பாட்டு மேசையில் சிரித்த முகத்தோடு நடக்கிற விசாரணை போதும். அந்தக் கட்ஆஃப் கேள்வி இருக்கிறதே, அதுதான் நம் காலத்துப் பூணூல் தடவல். வேலைக்குச் சேர்ந்து எட்டு வருசம் ஆனவனிடம் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை எதற்குக் கேட்கிறான்?

இந்த இடத்தில்தான் அந்த மௌனத்தின் அர்த்தம் எனக்குப் பிடிபடுகிறது. மேல்சாதிப் பையன் ஒருத்தன் கூட்டத்தில், "இது எனக்குத் தெரியாது, கொஞ்சம் விளக்குங்க" என்கிறான். அடடா, எவ்வளவு அடக்கம், எவ்வளவு ஆர்வம் என்கிறார்கள். அவனுக்குத் தெரியாதது அந்த ஒரு விசயம் மட்டும்தான். அதே சொல்லை நம்ம பையன் சொன்னால், தெரியாதது அந்த ஒரு விசயமாக நிற்காது. அது அவன் கோட்டாவாகிவிடும், கல்லூரியாகிவிடும், அப்பனாகிவிடும், தாத்தன் செத்த மாடு தூக்கியது வரை போகும். அவன் ஒருத்தன் தெரியாது என்றால் ஒரு சேரியே தெரியாது என்று சொன்னதாகக் கணக்கு. ஆகவே அவன் சொல்லமாட்டான். சொல்லாததால் கேட்கமாட்டான், கேட்காததால் தனியாய் ராத்திரி ரெண்டு மணி வரை பத்து வீடியோ பார்ப்பான். பக்கத்து நாற்காலிக்காரன் அஞ்சு நிமிசத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதை இவன் அஞ்சு ராத்திரியில் தெரிந்துகொள்வான். அறிவு மிகுந்துபோனதால் வந்த களைப்பு என்று இதற்குப் பேர் வைத்தால் அது பாதி உண்மை. அறியாமையை ஒளித்து வைப்பதற்கான கூலியில்லாத வேலை, அதுதான் ஆளைக் கொல்கிறது.

இதைக் கற்பனை என்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2020 ஜூன் மாதக் கடைசியில் கலிஃபோர்னியா மாநில அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அமெரிக்காவில் இருக்கிற தலித் பொறியாளர் ஒருவர், இந்தியாவில் ஐ.ஐ.டி.யில் படித்தவர். அவர் இடஒதுக்கீட்டில் வந்தவர் என்று அதே ஐ.ஐ.டி.யில் படித்த மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார், அதைப் புகாராகக் கொண்டுபோனபின் ஒதுக்கிவைக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது. 2023 ஏப்ரலில் ரெண்டு தனிநபர் பொறியாளர்கள் மீதான வழக்கை அரசுத்துறை தானாகவே கைவிட்டு, நிறுவனத்தின் மீதானதை மட்டும் தொடர்ந்தது. சட்டத்தில் அது எப்படி முடியுமோ முடியட்டும். நான் பார்ப்பது வேறு. வழக்கு வெளியான அதே வருசம் அக்டோபரில் அமெரிக்காவில் வேலை செய்யும் தலித் பெண் பொறியாளர்கள் முப்பது பேர் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள், பேர் போடாமல். முப்பது பேர் சேர்ந்தும், கடல் தாண்டியும், டாலரில் சம்பளம் வாங்கியும் பேர் போட முடியவில்லை. இளம்பிள்ளைப் பெண் கக்கூஸில் போய் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடுவதற்கும் இதற்கும் நடுவே ரொம்ப தூரம் இல்லை.

ஐ.ஐ.டி.களில் 1973இல்தான் பட்டியல் சாதிகளுக்கு இடஒதுக்கீடு வந்தது. தனியார் கம்பெனிகளில் இன்றுவரை இல்லை. இருந்தும் 'தகுதி' என்ற சொல் அங்கே ஏதோ மழைபோல வானத்திலிருந்து விழுந்ததாகப் பேசுகிறார்கள். அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் எழுதிய 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' என்ற நூல், சென்னை ஐ.ஐ.டி.யை வைத்து, தலைமுறை தலைமுறையாய்ச் சாதி சேர்த்த சொத்து எப்படித் தகுதி என்ற பேரில் வேட்டி மாற்றிக்கொண்டது என்பதை விரிவாய்க் காட்டுகிறது. மாணவத் தோழர்கள் எப்படியாவது அதைத் தேடிப் படிக்க வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடி. ஒரே படிப்பு, ஒரே தகுதி காட்டும் விண்ணப்பங்களை மேல்சாதிப் பேர், தலித் பேர், முஸ்லிம் பேர் என்று மாற்றிப் போட்டுத் தனியார் கம்பெனிகளுக்கு அனுப்பினார்கள். தலித் பேருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மேல்சாதிப் பேருக்கு உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பேருக்கு மூன்றில் ஒன்று. நேர்காணல் வரைக்கும் போகவேயில்லை, வெறும் பேர்.

இந்தச் சந்தேகம் எங்கே போய் முடியும் என்பதை நம் மாவட்டம் ரெண்டு தடவை பார்த்திருக்கிறது. ஜலகண்டாபுரம் செந்தில்குமார். அதுவும் தறி ஊர்தான். பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்திலிருந்து போய் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டி ஒதுக்கப்படவில்லை. ஒரு பாடத்தில் தேறவில்லை, உதவித்தொகைக்கு ஆபத்து வந்தது. 2008 பிப்ரவரியில் உயிரை விட்டார். பல்கலைக்கழகம் அமைத்த வினோத் பாவராலா குழு துறையின் குழப்பமான நடைமுறைகளைச் சுட்டிக்காட்டியது. அதில் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் தலித், பழங்குடி மாணவர்கள். அடுத்தவர் சேலத்துப் பையன் முத்துகிருஷ்ணன், டெல்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர், 2017 மார்ச் 13. ரெண்டு பேரையும் பற்றி, படிப்பின் பளுவைத் தாங்க முடியவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். அந்த ஒரு வரியைத்தான் நாம் ஒத்துக்கொள்ளக்கூடாது. வழிகாட்டி தராதவனைக் கேட்காமல், வழி தெரியாமல் நின்றவனின் மனத்திடத்தை அளக்கிற வேலை அது.

சரி, வேலைக்கே போய்விட்டால்? 2025 ஜூலை 27, பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். சென்னையில் டி.சி.எஸ்.ஸில் மென்பொருள் பொறியாளர், 27 வயசு. வேறு சாதிப் பெண்ணோடு பழகியதற்காக. பெண்ணின் தம்பி கைதானான். மறுநாள் திங்கட்கிழமை. நம் பிள்ளைகள் அந்தச் செய்தியைப் போனில் படித்துவிட்டு, ஒன்பதரை மணிக் கூட்டத்தில் நேற்று என்ன முடித்தேன், இன்று என்ன முடிப்பேன் என்று வரிசையாய்ச் சொன்னார்கள். பக்கத்தில் இருக்கிறவன் வாரயிறுதிச் சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான் என்று ஒரு பையன் சொன்னான். அந்த வாரம் அவன் வேலையில் கவனம் குறைந்திருந்தால் அது அவன் திறமைக் குறைவாகத்தானே பதிவாகும்?

இனி நம் பக்கத்துத் தப்பையும் பேச வேண்டும். 'அண்ணல் ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் படிச்சாரு, நீ என்ன பண்றே?' என்று நம் மேடைகளில் கேட்கிறோம். பேச்சாளருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. கீழே உட்கார்ந்திருக்கிற பையனுக்கு இன்னொரு மேலதிகாரி கிடைக்கிறார். மேல்சாதிக்காரன் ஒரு மடங்கு என்றால் நீ ரெண்டு மடங்கு என்று நாமும் சேர்ந்து விரட்டுகிறோம். ஏன் ரெண்டு மடங்கு? சராசரியாய் இருந்து, சராசரியாய்ச் சம்பளம் வாங்கி, அப்பப்ப சொதப்பி, சாயங்காலம் கிரிக்கெட் விளையாடி வாழ்கிற உரிமை லட்சம் மேல்சாதிப் பொறியாளர்களுக்கு இருக்கிறதே, நம்ம பிள்ளைக்கு மட்டும் அது ஏன் இல்லை? சமத்துவம் என்றால் மேதைகளுக்கு நடுவில் நம் மேதையும் ஒருத்தர் என்பது மட்டும் இல்லை. மந்தங்களுக்கு நடுவில் நம் மந்தமும் நிம்மதியாய் உட்கார்ந்திருப்பதும்தான்.

அம்பேத்கரையே கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். லண்டனில் ரூபாயின் பிரச்சினை பற்றி அவர் கொடுத்த டி.எஸ்சி. ஆய்வேட்டை 1923இல் தேர்வாளர்கள் அப்படியே ஏற்கவில்லை, திருத்தி எழுதச் சொன்னார்கள். முடிவுகளை மாற்றாமல் திருத்திக் கொடுத்து அதே வருசக் கடைசியில் பட்டம் வாங்கினார். அதற்கு முன், 1917இல் அவர் சேர்த்த புத்தகங்களை ஏற்றி வந்த கப்பலை ஜெர்மானியர்கள் மூழ்கடித்துவிட்டார்கள். திருப்பி அனுப்பப்பட்ட, புத்தகம் பறிகொடுத்த அம்பேத்கரை நாம் சுவரொட்டியில் போடுவதில்லை. அந்த ரூபாய் நூலை எழுதியவர் 1925இல் ஹில்டன் யங் கமிஷன் முன் சாட்சியம் சொன்னார். (ரிசர்வ் வங்கியையே அவர்தான் கட்டினார் என்று சிலர் அடித்து விடுகிறார்கள். வங்கியில் வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு தேவையில்லை, உள்ளதே போதும்.) அவர் உலகத்து அறிவு முழுவதையும் படித்துத் தீர்க்கப் போகவில்லை. ஒரு கேள்வியோடு போனார். எதைப் படிப்பது, எதை விடுவது என்பதை அந்தக் கேள்வி தீர்மானித்தது.

புத்தர் கோசாம்பியில் சிம்சபா மரத்தோப்பில் ஒரு பிடி இலையைக் கையில் எடுத்து, என் கையில் இருப்பது அதிகமா, தோப்பில் இருப்பது அதிகமா என்று பிக்குகளிடம் கேட்டதாகப் பாலி நூல்களில் ஒரு கதை வரும். நான் அறிந்தது தோப்பளவு, உங்களுக்குச் சொன்னது கையளவு, ஏனென்றால் துக்கம் தீர இதுதான் உதவும் என்கிறார். இலை எண்ணுவதை நிறுத்த ஞானம் வேண்டியதில்லை, வேலை என்ன என்று தெரிந்தால் போதும். இந்த வாரம் என் கையில் இருக்கிற வேலைக்கு எந்த இலை? மிச்சம் தோப்பிலேயே இருக்கட்டும், எங்கேயும் ஓடிப்போகாது. பாதி இலை அடுத்த வருசம் உதிர்ந்துவிடும், அதைப் படிக்காமல் விட்டவன் கெட்டிக்காரன்.

இளம்பிள்ளைத் தறிக்கூடத்துக்கு வாருங்கள். தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறதே ஜக்கார்டு பெட்டி, அதில் தொங்குகிற துளை போட்ட அட்டை மாலை, அதுதான் இன்றைக்கு நம் பிள்ளைகள் பார்க்கிற வேலைக்குப் பாட்டன். பிரான்சில் லியோன் பட்டுநெசவு நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார்டு 1804இல் அதை உருவாக்கினார். அட்டையில் துளை இருந்தால் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஆமாம், இல்லை. ஒன்று, சுழி. இதைப் பார்த்துத்தான் சார்லஸ் பாபேஜ் 1830களில் தன் கணக்கு எந்திரத்துக்கு அட்டைகளை யோசித்தார். 24,000 அட்டைகள் வைத்து நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று அவரிடம் இருந்தது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹோலரித் பயன்படுத்தியதும் துளை அட்டைதான். சேலை முந்தானையில் மயில் விழுந்திருந்தால் அந்த மயில் முதலில் அட்டையில் துளைகளாய் இருந்தது. எலக்ட்ரானிக் ஜக்கார்டு வந்த கூடங்களில் அது பென்டிரைவில் இருக்கிறது.

நம்ம ஆட்களைத் தறியின் வாரிசு என்று மெழுகப் பார்க்கவில்லை. தறிக்கும் சாதி உண்டு, முதலாளி யார், பாவு யாருடையது, கூலிக்கு ஓட்டுகிறவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் காட்ட நினைப்பது வேறு. ஒரு தறிக்கூடத்தில் எல்லாம் தெரிந்தவன் யாராவது இருக்கிறானா? அட்டை அடிப்பவனுக்குச் சாயம் தெரியாது. சாயக்காரனுக்குப் பாவு பிணைக்கத் தெரியாது. இழை அறுந்து பூ கெட்டுப்போனால் ஓட்டுகிறவன் வெட்கப்படாமல் பக்கத்துத் தறிக்காரனைக் கத்திக் கூப்பிடுவான், "ஏப்பா, இங்க வந்து பாரு, கொக்கி தூக்க மாட்டேங்குது." சத்தத்தில் கத்தித்தானே ஆக வேண்டும். அங்கே அறிவு ஒருத்தன் மண்டையில் இல்லை, கூடத்தில் இருக்கிறது. குளிரூட்டிய கம்பெனியிலும் உண்மை அதுதான். பெரிய மென்பொருள் எதையும் ஒரு மண்டை முழுசாய் அறியாது. அறிந்ததாய் நடிக்கத் தெரிந்த சாதிகள் இருக்கின்றன, அவ்வளவே. பிறந்ததிலிருந்து வாத்தியார் முதல் வக்கீல் வரை வீட்டுத் திண்ணையில் பேசக் கேட்டு வளர்ந்தவனுக்கு அரைகுறையை முழுசு மாதிரிப் பேசும் தொனி ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது.

கவிதை எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொனி தெரியும். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது இந்தக் கொச்சையெல்லாம் இலக்கியமா என்று கேட்டவர்கள் உண்டு. வடிவம் தெரியாதவர்கள், மொழி தெரியாதவர்கள் என்று நமக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். யாரும் அந்தச் சான்றிதழை வாங்கிச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளவில்லை, எழுதிக்கொண்டே இருந்தோம், அளவுகோலே மாறிப்போனது. ஆனால் அங்கே நாம் கூட்டமாய் இருந்தோம். பத்திரிகை இருந்தது, ராத்திரி முழுக்கப் பேச ஆள் இருந்தது. கம்பெனியில் பிள்ளை தனியாய் இருக்கிறான். ஒரு தளத்தில் இருநூறு பேர் இருந்தாலும் தனியாய்.

ஆகவே தனிமையை உடைப்பதுதான் வேலை. மூச்சுப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை, தூக்கம் போனவன் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் கூச்சம் என்ன? நான் கேட்பது அதற்கு மேலே. ஊர்க்காலனியில் பத்தாவது பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தத் தெரிந்த நமக்கு, வேலைக்குப் போன பிள்ளைகளை மாதம் ஒருமுறை உட்காரவைத்துத் தமிழில் தொழிலைப் பேசவைக்கத் தெரியாதா? குபர்நெட்டிஸ் என்றால் என்ன என்று தமிழில் கேட்கட்டும், தப்பாய்ச் சொல்லட்டும், சிரிக்கட்டும். மூத்தவர்கள் தங்களுக்குத் தெரியாததை முதலில் சொல்லட்டும். பதினைந்து வருச அனுபவமுள்ள நம்மாள் ஒருத்தர், "இன்னிக்கும் நான் பாதியைத் தேடிப் பார்த்துத்தான் எழுதறேன்" என்று சொன்னதைக் கேட்டு ஒரு பையன் அழுதுவிட்டான். நாலு வருசமாய் அவனிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

சங்கமும் வேண்டும். ஐ.டி. ஊழியர்களுக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தும், அவர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016இலேயே தெளிவாக்கிவிட்டது. அந்தச் சங்கங்களும் சாதியைப் பற்றி வாய் திறக்க வேண்டும். ஆட்குறைப்பு எதிர்ப்புத் துண்டறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதால் வர்க்க ஒற்றுமை சிதைந்துவிடாது. கட்ஆஃப் கேட்பது தொல்லை கொடுத்தல் என்று எந்தக் கம்பெனியின் விதியிலாவது எழுதியிருக்கிறதா?

எந்திரம் எல்லா வேலையையும் தின்றுவிடும், இனி இதெல்லாம் எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். தின்னட்டும், தின்னாமல் போகட்டும். எண்பதுகளில் வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும், ரங்கராஜன் குழு அறிக்கை 1984இல் வந்தபோதும் இதே பேச்சுதான் என்று மூத்த சங்கத்துக்காரர்கள் சொல்வார்கள். வேலையின் உருவம் மாறியது. யார் எந்த நாற்காலியில் என்பது அவ்வளவாய் மாறவில்லை. இப்போது அந்த எந்திரத்திடமே பிள்ளைகள் ரகசியமாய்ச் சந்தேகம் கேட்கிறார்கள். அது சாதி கேட்பதில்லை, கட்ஆஃப் கேட்பதில்லை, சலித்துக்கொள்வதும் இல்லை. "அதுகிட்ட கேக்க பயமா இல்லைங்ண்ணா" என்றாள் அந்தப் பெண். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, வயிறு எரியவும் செய்தது. மனுசங்ககிட்ட கிடைக்காததை ஒரு எந்திரத்திடம் வாங்க வேண்டியிருக்கிறதே.

இந்த இதழைப் படிக்கிறவர்களில் கம்பெனி வேலையில் இருப்பவர்களும் இருப்பீர்கள், இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் ஒருத்தர் இருப்பார். வேலையில் 'தெரியாது' என்று சொன்ன நாளில் என்ன நடந்தது, சொல்லாமல் விழுங்கிய நாளில் என்ன நடந்தது என்று எழுதி அனுப்புங்கள். பேர் வேண்டாம், கம்பெனிப் பேரும் வேண்டாம். இங்கிலீஷ் கலந்திருந்தாலும் பரவாயில்லை, எழுத்துப்பிழை இருந்தாலும் பரவாயில்லை, திருத்தாமல் போடுவதாக ஆசிரியர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.